இடி இரைச்சலில் ஊமையாகும் ரிசீவர்: ஏ.ஜி.சி. (தானியங்கிப் பெருக்கக் கட்டுப்பாடு) சுற்றை எப்படித் திருத்துவது?

சாட்ஸ்வர்த்_ஹாம்:
அனைவருக்கும் வணக்கம். 40 மீட்டர் அமெச்சூர் வானொலி அலைவரிசைக்காக நானே கட்டிய சூப்பர்ஹெட் ரிசீவரில் (வரும் சைகையை ஒரு நிலையான இடை அதிர்வெண்ணுக்கு, அதாவது ஐ.எஃப்.க்கு, மாற்றிப் பெருக்கும் வகை), 9 மெகாஹெர்ட்ஸ் ஐ.எஃப். நிலையில் எம்சி 1350 என்னும் பெருக்கி ஐசி இருக்கிறது. அதன் வெளியீட்டை டையோடால் ஒருதிசை மின்னாக மாற்றி, 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியில் சேர்த்து, 1 மெகாஓம் மின்தடை வழியே வடியவிடுகிறேன். சைகை வலுக்கும்போது ஐசியின் பெருக்கத்தைக் குறைக்கும் ஏ.ஜி.சி. மின்னழுத்தம் இதுதான். கோடை மாலைகளில் ஜோகன்னஸ்பர்க் பக்கம் இடி தொடங்கினால், ஒவ்வொரு ‘படார்’ ஓசைக்குப் பிறகும் ஏறக்குறைய ஒரு நொடி ரிசீவர் ஊமையாகி, எதிர்முனையில் பேசுபவரின் பாதிச் சொற்கள் விழுங்கப்படுகின்றன. மின்தேக்கியை 0.1 மைக்ரோஃபாரடாகக் குறைத்தாலோ, எஸ்.எஸ்.பி. (ஒற்றைப் பக்கப்பட்டை) முறையில் வரும் பேச்சின் ஒவ்வொரு இடைவெளியிலும் இரைச்சல் பொங்கி எழுகிறது. இதற்கு வழி உண்டா?

லெனேசியா_வாசி:
ஐயா, டையோடு வழியே மின்தேக்கி சில மில்லிநொடிகளில் நிரம்பிவிடுகிறது. வடிவதற்கோ 1 மெகாஓம் மட்டுமே இருப்பதால் ஒரு நொடி ஆகிறது. நொடிப்பொழுதுத் துடிப்பையும் நீடித்த பேச்சையும் உங்கள் சுற்று வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. டையோடை அடுத்து 0.1 மைக்ரோஃபாரடையும் 1 மெகாஓமையும் வையுங்கள். அவற்றுக்கு இணையாக, 47 கிலோஓமுடன் தொடராக இணைத்த 1 மைக்ரோஃபாரடைச் சேருங்கள். 5 மில்லிநொடித் துடிப்பு சிறியதை முழுவதும் நிரப்பினாலும், பெரியதில் பத்தில் ஒரு பங்குதான் ஏறும். துடிப்பு நின்றதும் சிறியதன் மின்னேற்றம் பெரியதற்குப் பாய்ந்து, ஏ.ஜி.சி. மின்னழுத்தம் சில மில்லிநொடிகளிலேயே ஐந்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். பேச்சு தொடர்ந்தால் பெரியதும் நிரம்பி, பழைய மெதுவான வடிதல் கிடைக்கும்.

ஏ.ஜி.சி. மின்னழுத்தம் போய்ச் சேரும் ஐசியின் 5ஆம் கால் மின்னோட்டம் எடுக்கும் என்பதால், இடையில் ஃபெட் உள்ளீடு கொண்ட (உள்ளீட்டில் மின்னோட்டமே எடுக்காத அளவுக்குள்ள) ஆப்-ஆம்ப் பெருக்கி ஒன்று கட்டாயம் வேண்டும். இல்லையெனில் 1 மெகாஓம் கணக்கே பொய்த்துவிடும்.

மாரிட்ஸ்பர்க்_வானொலி:
நல்ல யோசனைதான், ஆனால் எல்லா இடிக்கும் இது மருந்தல்ல. ஒரே மின்னலில் பல வெட்டுகள் அடுத்தடுத்து வந்தால் பெரிய மின்தேக்கியும் படிப்படியாக நிரம்பிவிடும். அத்தகைய இரவுகளில் ஏ.ஜி.சி.யை அணைத்து, ஆர்.எஃப். கெயினை (ரிசீவரின் முன்நிலைப் பெருக்கத்தை) கையால் குறைத்துக் கேட்பதே மேல் என்பது என் கருத்து. மழை அருகில் வந்துவிட்டால் ஆன்டெனாவைக் கழற்றிவிடுங்கள். அதற்கு எந்தச் சுற்றும் ஈடாகாது.

சாட்ஸ்வர்த்_ஹாம்:
இருவருக்கும் நன்றி. ஆப்-ஆம்ப் ஏற்கெனவே இருந்ததால் மாற்றம் எளிதாக முடிந்தது. தொலைதூர இடிக்கு ரிசீவர் இப்போது ஊமையாவதில்லை. பேச்சு தொடங்கும்போது முதல் ஓரிரு அசைகளுக்கிடையே மட்டும் இரைச்சல் எட்டிப்பார்த்தது. 47 கிலோஓமை 22 கிலோஓம் ஆக்கியதும் அது பெரும்பாலும் அடங்கிவிட்டது.