மறு: கோப்பின் பெயரை முழுதாக எழுதும் பாதை – ‘தொகாப்பாதை’?

ஐயா, வணக்கம்.

ஜாவாஸ்கிரிப்ட் நிரலில் ஒரு கோப்பு இன்னொன்றை அழைக்கும் பாதைக்குப் பெயர் தேடும் இந்த உரையாடலில் முன்மொழியப்பட்ட ‘முழுப்பாதை’ வேண்டாம். வட்டின் வேரிலிருந்து தொடங்கும் பாதைக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே புழங்குகிறது. நாம் பெயர் தேடுவது, ‘./விலை’ என்று நிறுத்தாமல் ‘./விலை.ஜேஎஸ்’ என்று கோப்பின் வகையைக் காட்டும் பின்னொட்டு வரை எழுதுவதற்கு. அது சார்புப் பாதைதான் (அழைக்கும் கோப்பின் இடத்திலிருந்து தொடங்குவது), எதையும் மறைக்காத சார்புப் பாதை. கோலாலம்பூர் நண்பர் முன்மொழிந்த ‘வெளிப்படைப் பாதை’ பொருளில் நெருங்கி வந்தாலும், யாரும் நுழையலாம் என்ற பொதுவழி போலத் தொனிக்கிறது.

இலக்கணத்தைக் கேட்போமே. ‘பால் குடித்தான்’ என்பதில் ‘ஐ’ உருபு தொக்கி நிற்கிறது, தொகைநிலை. ‘பாலைக் குடித்தான்’ தொகாநிலை. பின்னொட்டு தொக்கி நின்றால் தொகைப்பாதை, நில்லாவிட்டால் தொகாப்பாதை. ‘புலி கொல் யானை’யில் கொன்றது எது என்ற மயக்கம் இங்கேயும் உண்டு. ஜாவாஸ்கிரிப்டை உலாவிக்கு வெளியே ஓட்டும் நோடில், கோப்புகளை அழைக்கும் பழைய ‘ரிக்வயர்’ முறை எழுதிய பெயரிலேயே கோப்பைத் தேடும், கிடைக்காவிட்டால் .ஜேஎஸ், .ஜேசன், .நோட் என ஒட்டிப் பார்க்கும்; அதன் பிறகு அப்பெயருள்ள அடைவுக்குள் (கோப்புறைக்குள்) நுழையும்.

பினாங்கின் பாயான் லெப்பாஸில் நாங்கள் பராமரிக்கும் நிரலில் விலை.ஜேஎஸ் கோப்பும் ‘விலை’ அடைவும் அருகருகே இருந்தன. ஒருவர் கோப்பை நீக்கினார். பிழைச்செய்தி ஏதும் எழவில்லை. அடைவின் இயல்பான நுழைவுக் கோப்பான இன்டெக்ஸ்.ஜேஎஸ் பழைய ரிங்கிட் கணக்கோடு அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. வாடிக்கையாளர் விலைச்சீட்டைத் திருப்பி அனுப்பிய பிறகுதான் விழித்தோம்.

நோடை உருவாக்கிய ரையன் டாலே பின்னொட்டை விட்டெழுத அனுமதித்ததற்கும் இன்டெக்ஸ்.ஜேஎஸ்சுக்கும் 2018இல் மேடையில் வருந்தினார். நோடின் புதிய இஎஸ் கூறுகள் (ஜாவாஸ்கிரிப்டின் சீர்தர இறக்குமதி முறை) சார்புப் பாதையில் பின்னொட்டைக் கட்டாயமாகக் கேட்கின்றன. உலாவியோ பாதையை முகவரியாகவே எடுத்துக்கொள்கிறது, ஊகிப்பதில்லை. பல கோப்புகளை ஒன்றாகக் கட்டித்தர இடையில் நிற்கும் கட்டுக் கருவிகள்தாம் இன்னமும் தொகையை விரித்துக் கொடுத்துப் பழக்கத்தைக் கெடுக்கின்றன. ஆகவே நிரலின் குறைகளைச் சுட்டும் ஈஎஸ்லின்ட் கருவியில் தொகைப்பாதையைத் தடுக்கும் விதி தேவைப்படுகிறது. ‘ரியாக்ட்’ போன்ற, பிறர் எழுதிய நிரல் பொதிகளின் வெறும் பெயர்களுக்கு விலக்கு தர வேண்டும். அவை கோப்புப் பாதைகளே அல்ல.

‘லின்ட்’டுக்குப் ‘பிசிறுகாட்டி’ போதும். ‘பிசிறுநீக்கி’ என்றால் எல்லாவற்றையும் அதுவே திருத்திவிடும் என்று நம்பிவிடுவார்கள். ‘இம்போர்ட்’டுக்கு வழங்கும் ‘இறக்குமதி’ எனக்குக் கிள்ளான் துறைமுகத்தைத்தான் நினைவூட்டுகிறது. நிலைத்துவிட்ட சொல், இருக்கட்டும்.

விதியின் பிழைச்செய்திக்கு என் வரைவு: “தொகைப்பாதை: ‘./விலை’. கோப்பின் பின்னொட்டைச் சேர்க்கவும்.” பின்னொட்டா, நீட்சியா என்பதை மட்டும் மற்றவர்கள் சொல்லுங்கள். நான் பின்னொட்டின் பக்கம்.