காகிதக்கூழ் வெளுக்கும் பணி: தேயிலைத் தொழிற்சாலை அனுபவம் உதவுமா?

ஹட்டனிலிருந்து வினா:
தேயிலைத் தொழிற்சாலையில் உலர்த்தியை இயக்கி வரும் எனக்கு, வெளிநாட்டுக் காகித ஆலையொன்றில் கூழ் வெளுக்கும் இயந்திரத்தை இயக்கும் வேலை கிடைக்கக்கூடும் என்று முகவர் ஒருவர் கூறுகிறார். அங்கு என்ன செய்ய வேண்டியிருக்கும்?

பதுளையிலிருந்து பதில்:
பெரும்பாலான நேரம் கட்டுப்பாட்டு அறைத் திரையின் முன்னேதான் கழியும். கூழில் எஞ்சியுள்ள, பழுப்பு நிறம் தரும் மரப்பொருளான லிக்னினின் அளவைக் காட்டும் கப்பா எண்ணைப் பார்த்தே, வெளுக்கும் இரசாயனமான குளோரீன் டயொக்சைட்டின் அளவைத் தீர்மானிப்பார்கள். அந்தக் கட்டம் அமிலத்தன்மையிலும், அடுத்து வரும் எரிசோடாக் கட்டம் காரத்தன்மையிலும் நடைபெறுவதால், இடையில் கூழைச் சரியாகக் கழுவாவிட்டால் இரசாயனம் வீணாவதுடன் வெண்மையும் குறையும். கழுவும் உருளையை நேரில் சென்று பார்க்காமல் திரையை மட்டும் நம்புபவர் நல்ல இயக்குநர் அல்லர் என்பது என் கருத்து. உலர்த்தியில் வெப்பநிலையைக் கவனித்துப் பழகிய கண் நிச்சயம் உதவும்.

நுவரெலியாவிலிருந்து பதில்:
வாயுவைப் பற்றியும் கேளுங்கள். குளோரீன் டயொக்சைட்டை அழுத்தி அடைத்தால் வெடிக்கும் அபாயம் இருப்பதால், அதை ஆலையிலேயே தயாரிக்கிறார்கள். 8 மணி நேரப் பணியில் காற்றிலுள்ள அதன் சராசரி 0.1 பிபிஎம் (பத்து இலட்சம் பங்கு காற்றில் 0.1 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்பது பல நாடுகளின் வரம்பு. சுவாசக் கவசம், வாயு உணர்கருவி, பயிற்சிக் காலம் ஆகியவற்றை ஒப்பந்தத்தில் எழுத்தில் பெறுங்கள். முகவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு பெற்றவரா என்பதையும் உறுதிப்படுத்துங்கள்.

ஹட்டனிலிருந்து:
மிக்க நன்றி. பதிவு இலக்கத்தை நாளையே முகவரிடம் கேட்கிறேன்.