டைப்-சி துளையை நம்பி வாங்கிய கைபேசி

பாளையங்கோட்டையிலிருந்து:

நான் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் தமிழ் கற்பிக்கிறேன். சென்ற ஆண்டு என் மடிக்கணினி பழுதானபோது, வினாத்தாள் தயாரிக்கவும் கட்டுரை எழுதவும் மட்டுமே தேவைப்படும் ஒன்றுக்காக மறுபடியும் பெருந்தொகை செலவிட மனம் ஒப்பவில்லை. வீட்டிலுள்ள டி.வி.யோடு கைபேசியை இணைத்து, ஒரு விசைப்பலகையும் மவுஸும் வைத்துக்கொண்டால் போதுமே என்று எண்ணி, வண்ணார்பேட்டையில் ஒரு கடைக்குப் போனேன். "டைப்-சி இருக்குல்லா அண்ணாச்சி, டி.வி.ல அப்படியே வந்துரும்" என்று விற்பனையாளர் உறுதியாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து கைபேசியை டி.வி. கேபிளோடு இணைக்கும் எச்.டி.எம்.ஐ. அடாப்டரைச் செருகியதும் டி.வி.யில் "சிக்னல் இல்லை" என்பது மட்டுமே வந்தது. அடாப்டரை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், பயனில்லை. பிறகுதான் விவரம் புரிந்தது. டைப்-சி என்பது துளையின் வடிவத்துக்கான பெயரே தவிர, அதன் வழியே எது போகும் என்பதற்கான உறுதி அன்று. படம் வெளியே வர வேண்டுமானால் 'டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்' என்ற வசதியைக் கைபேசி செய்தவர்களே உள்ளே அமைத்திருக்க வேண்டும். விலை குறைந்த கருவிகள் பலவற்றில் அந்தத் துளைக்குப் பின்னால் இருப்பது பழைய யு.எஸ்.பி. 2.0 தான், சார்ஜ் ஏறும், கோப்பு மாறும், அவ்வளவே. எந்த மென்பொருளை நிறுவினாலும் இத்தகைய சாதாரண அடாப்டர் வழியாகப் படம் வராது. கடையில் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கைபேசியை என் மனைவி பயன்படுத்துகிறார்.

இரண்டாம் முறை நான் பேச்சை நம்பவில்லை. என் மைத்துனர் பயன்படுத்தி வைத்திருந்த சாம்சங் எஸ்10 கருவியை வீட்டுக்கே வரவழைத்து, என் டி.வி.யில் செருகிப் பார்த்த பிறகே விலை பேசினேன். கைபேசியைப் பெரிய திரையில் கணினிபோல இயக்க உதவும் சாம்சங்கின் 'டெக்ஸ்' வசதி 2017இல் எஸ்8 உடன் வந்தபோது, கைபேசியைப் பொருத்தி வைக்க அதற்கென்று 'டாக்' என்ற தனிக் கருவி தேவைப்பட்டது. 2018இல் நோட் 9 வந்ததிலிருந்து அடாப்டரே போதுமானதாகிவிட்டது. டி.வி.யில் கணினியைப் போலவே சாளரங்கள் திறக்கின்றன. ஒன்றில் அகராதியும் மற்றொன்றில் வினாத்தாளும் அருகருகே இருக்க, வரும் அழைப்பையும் எடுத்துப் பேச முடிகிறது. எஸ்10 வெளிவந்தது 2019இல் என்பதால் அதற்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுவிட்டன. ஆகவே வங்கி வேலைகளுக்கு அதைத் தொடுவதில்லை. பழைய கருவி வாங்குவோர் இதை அவசியம் கணக்கில் கொள்ள வேண்டும்.

எனக்கு அதிக நாள் பிடித்தது தமிழ்தான். தொடுதிரையில் தமிழ் வருகிறது என்பதால் வெளி விசைப்பலகையிலும் வந்துவிடும் என்று எண்ணக்கூடாது. முதலில் நான் வைத்திருந்த செயலி, திரையில் தமிழைக் காட்டிக்கொண்டே விசைப்பலகையிலிருந்து ஆங்கில எழுத்துகளைக் கொடுத்தது. இருபது ஆண்டுகளாகத் தமிழ்99 விசைப்பலகை முறையில் பழகிய விரல்கள் எனக்கு. இடக்கையில் உயிரும் வலக்கையில் பெரும்பாலும் மெய்யுமாக ஓடுகிற அந்த ஓட்டம் இல்லாமல் ஒரு பத்தி கூட எழுத வராது. வேறு செயலிக்கு மாறிய பிறகே அது சரியானது. அடுத்து, டி.வி.யில் புள்ளிகள் மங்கலாகத் தெரிந்து 'க'வும் 'க்'கும் ஒன்று போலவே இருந்தன. டி.வி. படத்தைச் சற்றே பெரிதாக்கி ஓரங்களை வெட்டுவதுதான் காரணம். படத்தின் அளவை உள்ளபடியே காட்டும்படி டி.வி. அமைப்பில் மாற்றியதும் எழுத்துகள் தெளிந்தன.

சார்ஜ் ஏற்றிக்கொண்டே படத்தையும் அனுப்பும் ஹப் ஒன்று வாங்கியிருக்கிறேன். அக்னி நட்சத்திர நாட்களில் கைபேசியின் உறையைக் கழற்றி மின்விசிறிக்கு நேராக வைத்துவிடுகிறேன். மின்தடை வந்தால் டி.வி. அணைந்தாலும் எழுதியது கைபேசியிலேயே இருக்கிறது, யு.பி.எஸ். இல்லாத வீட்டில் இது எனக்குப் பெரிய நிம்மதி.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

ஆசிரியர் ஐயா கூறியவற்றோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நான் அழைப்பிதழ் அச்சடிக்கும் தொழிலில் இருக்கிறேன். மோட்டோரோலாவின் மேல்நிலைக் கருவி ஒன்றை, டெக்ஸ் போலவே 2021இல் 'ரெடி ஃபார்' என்று வந்து இப்போது 'ஸ்மார்ட் கனெக்ட்' எனப்படும் வசதிக்காகவே வாங்கினேன். அந்நிறுவனத்தின் சில கருவிகளில் மட்டுமே கேபிள் வழி இணைப்பு உண்டு என்பதால் மாடலைச் சரிபார்த்தே எடுத்தேன். மானிட்டரில் படம் நன்றாகவே வந்தது. ஆனால் எங்கள் பழைய கல்யாணப் பத்திரிகைகள் அனைத்தும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில், யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் இருக்கின்றன. திரை எவ்வளவு பெரிதானாலும் உள்ளே ஓடுவது ஆண்ட்ராய்டு என்பதால் அந்த மென்பொருளை அதில் நிறுவ முடியாது. அச்சகத்தில் பழைய கணினியை அப்படியே வைத்துக்கொண்டேன். கணக்கு எழுதுவதும், வாடிக்கையாளருக்கு மாதிரியைப் பெரிய திரையில் காட்டுவதும் மட்டும் கைபேசியில் நடக்கின்றன.