2% விலகினால் புது இனமா? ஹவாய் அந்துப்பூச்சிகளை முன்வைத்து

அந்திவிளக்கு:
ஹவாயின் ஹைபோஸ்மோகோமா பேரினத்தில் 350க்கு மேற்பட்ட அந்துப்பூச்சி இனங்கள் உண்டு. பெயரில்லாமல் பெட்டியில் கிடப்பவை தனி. பூச்சியோ அரிசிமணி அளவு. அதன் வயிற்றை வெட்டி, பிறப்புறுப்பைப் பிரித்து, படம் வரைந்த பிறகுதான் பெயர் என்றால் காடு அதுவரை காத்திருக்காது. மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சி.ஓ.ஐ. மரபணுவில் 658 எழுத்துகளைப் படியுங்கள், அதுதான் பார்கோடு. நெருங்கிய இனத்திலிருந்து 2% விலகினால் அது புதிது. சிறகுப் படமும் பார்கோடும் போதும் என்கிறேன். மறுப்பவர்கள் வரலாம்.

வால்வா:
வந்துவிட்டேன். பூச்சிகளின் மைட்டோகாண்ட்ரிய மரபணு 10 லட்சம் ஆண்டுக்கு ஏறத்தாழ 2.3% விலகும் என்பது பலரும் எடுத்தாளும் கணக்கு. அப்படிப் பார்த்தால் உங்கள் 2% என்பது சுமார் 8.7 லட்சம் ஆண்டு. ஹவாய்ப் பெருந்தீவின் வயதே சுமார் 5 லட்சம்தான். அங்கேயே பிரிந்த இரண்டு இனங்கள் 1.2%ஐத் தாண்ட வழியில்லை, உங்கள் கோடு இரண்டையும் ஒன்றாக்கிவிடும். கவாயித் தீவுக்கு வயது 50 லட்சம். அங்கே ஒரே இனம் இரண்டு பள்ளத்தாக்குகளில் பிரிந்து கிடந்தே 3% விலகியிருக்கலாம், அதை நீங்கள் இரண்டாக்குவீர்கள். நீங்கள் அளப்பது தீவின் வயதை. போதாக்குறைக்கு வோல்பாக்கியா என்ற பாக்டீரியா தாய்வழியே பரவும்போது ஒரே மைட்டோகாண்ட்ரிய வகையை இனம் தாண்டியும் இழுத்துக்கொண்டு போகும்.

அந்திவிளக்கு:
“வழியில்லை” என்பது மிகை. பக்கத்து மாவித் தீவிலிருந்து ஏற்கெனவே விலகியிருந்த இரண்டு கூட்டங்கள் தனித்தனியாக வந்து குடியேறியிருந்தால் 1.2% தாண்டும். சரி, 2% புனிதமான எண் இல்லை, அதை விட்டுத்தருகிறேன். ஆனால் உங்கள் பெயரிலேயே உள்ள வால்வா, அதாவது ஆண் பிறப்புறுப்பின் பற்றும் மடல், அதன் வளைவு மட்டும் எந்த அளவுக்கு நம்பகம்? ஒரே ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு “நுனி சற்றே மழுங்கியது” என்று எழுதி எத்தனை பெயர்கள் வந்தன, பிறகு எத்தனை அடிபட்டன? பூச்சியியலாளர் வால்சிங்கம் 1907இல் தனிப் பேரினங்களாக வைத்த சிலவற்றை சிம்மர்மன் 1978இல் ஹைபோஸ்மோகோமாவுக்குள்ளேயே அடக்கினார். அப்போது பார்கோடு ஏது?

ஸ்லைடு_பெட்டி:
இருவரும் ஏன் இது அல்லது அது என்று நிற்கிறீர்கள்? ஒரே வயிற்றிலிருந்து இரண்டையும் எடுக்கலாம். இவ்வளவு சிறிய பூச்சியில் ஒரு காலிலிருந்து கிடைக்கும் டி.என்.ஏ. பல சமயம் போதாது. வயிற்றை முழுசாகக் கழற்றி புரதத்தைக் கரைக்கும் புரோட்டினேஸ் கே நொதிக் கரைசலில் 56 டிகிரியில் ஓர் இரவு வையுங்கள். திரவம் பார்கோடுக்குப் போகட்டும். மிஞ்சிய தோலை 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் போடுங்கள். சதை ஏற்கெனவே கரைந்திருப்பதால் வழக்கமான நேரத்தில் பாதி போதும், அடிக்கடி எட்டிப் பாருங்கள். அதிகமானால் சவ்வு கண்ணுக்கே தெரியாமல் போய்விடும், பெண்பூச்சியின் விந்துப்பை முதலில் போகும். குளோரசால் பிளாக் சாயம் ஒரு துளி, சில நொடிகள் மட்டும்.

சிக்கல் வருவது ஸ்லைடில்தான். இந்தப் பேரினத்தில் ஆண் உறுப்பு இடமும் வலமும் ஒத்திருக்காது, ஒரு பக்கக் கை மற்றதைவிடப் பெரியது. ஸ்லைடில் பதிக்கும் யூபரால் பிசினில் குப்புற வைத்தோமா மல்லாத்தி வைத்தோமா என்று குறிக்காமல் படம் எடுத்தால் இடது வலதாகிவிடும். அந்தப் படத்தை நம்பி ஒருவர் “புது இனம்” என்று கிளம்புவார். கண்ணாடி மூடியை அழுத்தினாலும் வால்வா விரிந்து வேறு வடிவம் காட்டும். அந்திவிளக்கு சொல்லும் “சற்றே மழுங்கிய நுனி”களில் பாதி இப்படி வந்தவையாக இருந்தால் வியப்பில்லை.

வால்வா:
சரியான குறிப்பு. ஆனால் பெயர் வைப்பதற்கு முன்னால் இன்னொரு வேலை இருக்கிறது. வால்சிங்கம் விவரித்தவற்றின் வகைமாதிரிகள் (பெயருக்கு ஆதாரமான மூல மாதிரிகள்) லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றோடு ஒப்பிடாத “புது” இனம் 1907இன் பழைய இனமாகவே இருக்கக்கூடும். அந்த வயதுள்ள மாதிரியில் 658 எழுத்தும் ஒரே துண்டாகக் கிடைக்காது, டி.என்.ஏ. நொறுங்கியிருக்கும், சிறு சிறு துண்டாகப் படித்துத்தான் ஒட்ட வேண்டும். பழைய மாதிரிகளில் இன்னொரு கண்ணி: உதிர்ந்த வயிற்றை யாரோ பசை போட்டு ஒட்டியிருப்பார்கள், அது வேறு பூச்சியின் வயிறாக இருக்கும். வயிறும் மார்பும் சேரும் இடத்தில் பசை தெரிகிறதா என்று பார்க்காமல் அறுக்காதீர்கள்.

விலங்குப் பெயரிடல் விதித்தொகுப்பின் 13.1ஐயும் மறக்கக் கூடாது. 1930க்குப் பிறகு வந்த பெயருக்கு வேறுபடுத்தும் பண்புகளைச் சொற்களில் சொல்ல வேண்டும். 2021இல் கோஸ்டாரிகா ஒட்டுண்ணிக் குளவிகளில் 403 புதிய இனங்களைப் பெரும்பாலும் பார்கோடை நம்பியே பெயரிட்டார்கள். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

அந்திவிளக்கு:
அந்த 403இல் பாதிக்காவது வேறு வழியில் எப்போது பெயர் வந்திருக்கும் என்று சொல்லுங்கள். வால்வா சொல்லாத ஒன்று: புழுவையும் பூச்சியையும் இணைப்பது. ஹைபோஸ்மோகோமா மொல்லஸ்கிவோரா 2005இல் வெளிவந்தது. அதன் புழு பட்டு நூலால் நத்தையை இலையோடு கட்டி வைத்துத் தின்னும். முதிர்ந்த பூச்சியை அறுத்து இதைக் கண்டுபிடிக்க முடியுமா? கையில் புழு வாழும் கூடு மட்டும் இருந்தால், வளர்த்தெடுக்காமலே பார்கோடு இது எந்தப் பூச்சி என்று சொல்லிவிடும். நீருக்குள்ளும் வெளியிலும் வாழும் புழுக்களை ஒரே கிளை என்று நினைத்திருப்போம். பழக்கம் பல தடவை தனித்தனியே தோன்றியதை மரபணுதான் காட்டியது.

வால்வா:
இணைக்கட்டும், அதில் பார்கோடுக்கு நிகரில்லை. நான் மறுப்பது தீர்ப்பெழுதும் அதிகாரத்தை மட்டும். பார்கோடு குவியல் பிரிக்கட்டும். ஒவ்வொரு குவியலிலும் குறைந்தது மூன்று ஆண் பூச்சிகளை அறுங்கள். உட்கரு மரபணுவும் அதே பிரிவைக் காட்டினால் பெயர் வையுங்கள்.

ஸ்லைடு_பெட்டி:
ஒரே ஒரு பெண் மாதிரிதான் இருந்தால்?

வால்வா:
பெயர் வேண்டாம். “ஹைபோஸ்மோகோமா எஸ்பி.” (பெயரிடாத ஓர் இனம்), தீவு, உயரம், கூட்டின் வடிவம், மாதிரி எண். ஓவாஹு தீவில் சிலந்தி வலைக்குள் வாழ்ந்து, பூச்சிகளின் உடல் துண்டுகளைக் கூட்டில் ஒட்டிக்கொள்ளும் புழு 2025இல் வெளிவந்ததே, அந்தக் கட்டுரையில் முறையான பெயர் இல்லை. ஆனாலும் உலகம் அறிந்துகொண்டது.

அந்திவிளக்கு:
அறிந்துகொண்டது, சரி. அது வாழ்வது 15 சதுர கிலோமீட்டர் காட்டில், பார்த்தது 62 புழுக்கள். “எஸ்பி.” என்று எழுதிய ஒரு புழுவுக்காக எந்த அதிகாரி வேலி போடுவார்?