அரைக்கீரை இலையடியில் வெள்ளைக் கொப்புளம், என்ன செய்யலாம்?

வணக்கம். திருச்சியில் மாடித்தோட்டம் வைத்திருக்கிறேன். அரைக்கீரை விதையை மணலோடு கலந்து 2 பைகளில் தூவினேன். எறும்பு இழுத்துப் போனது போக நன்றாகவே முளைத்தது. 25-ஆம் நாள் கிள்ளலாம் என்று போனால், இலையின் மேல்பக்கம் வெளிர்மஞ்சள் திட்டுகள். திருப்பிப் பார்த்தால் அடியில் கடுகைவிடச் சின்னதாக வெள்ளைக் கொப்புளங்கள். விரலால் தேய்த்தால் மாவு போல ஒட்டுகிறது. பூச்சி எதுவும் கண்ணில் படவில்லை. பக்கத்துப் பையில் கொடிப்பசலை தளதளவென்று இருக்கிறது.

இது வெண்துரு நோய்தானா? விதையை நெருக்கமாகத் தூவிவிட்டேன். சாயங்காலம் பூவாளியால் இலை நனையத்தான் தண்ணீர் விடுவேன். அதனால் வந்திருக்குமோ என்று தோன்றுகிறது. இப்போது காலையில் வேரில் மட்டும் ஊற்றுகிறேன், கெட்ட இலைகளையும் கிள்ளி எடுத்துவிட்டேன்.

அம்மாவுக்கு இரத்தசோகை. அவருக்காகத்தான் வீட்டிலேயே கீரை போட்டேன், ரசாயன மருந்து அடிக்க மனமில்லை. சூடோமோனாஸ் (செடி நோயை அடக்கும் நன்மை தரும் பாக்டீரியாப் பொடி) தெளித்தால் அடங்குமா? லிட்டருக்கு எத்தனை கிராம்? அப்புறம், இதே மண்ணில் மறுபடியும் அரைக்கீரை போடலாமா, இல்லை வெந்தயம், புளிச்சக்கீரை என்று மாற்ற வேண்டுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.