பழைய ஹைலக்ஸ் பெற்றோல் பிக்கப்புக்கு எந்த ஸ்பார்க் பிளக் நல்லம், எப்பிடிப் பூட்டுறது?

நிலாவெளி மீன்வண்டி:
அண்ணாமார், என்னட்ட 22ஆர் எஞ்சின் பழைய ஹைலக்ஸ் ஒண்டு நிக்குது, பெற்றோல். நிலாவெளியில இருந்து ரவுணுக்கு மீன் பெட்டி ஏத்துறதுதான் வேலை. கொஞ்ச நாளா விடிய ஸ்டார்ட் பண்ணினா ஒரு சிலிண்டர் மிஸ் பண்ணுது, சூடானாப் பிறகு பரவாயில்லை, ஆனா ஏத்தத்தில இழுவை காணாது, பெற்றோலும் கூடக் குடிக்குது. பிளக் நாலையும் மாத்துவம் எண்டு பார்ட்ஸ் கடைக்குப் போனா ஒராள் இரிடியம் முனைப் பிளக் போடு எண்டுறார், மற்றவர் சாதாரணம் காணும் எண்டுறார், பிளக்கின்ர சூட்டு நம்பர் 5 வேணுமோ 6 வேணுமோ எண்டும் கேக்கினம். நானே வீட்டில கழட்டிப் பூட்டப் போறன், புரிக்கு கிறீஸ் பூசவேணுமா?

உவர்மலை:
தம்பி, கடையில முதல் 22ஆர் பெற்றோல் எண்டு எஞ்சினைச் சொல்லிக் கேளுங்கோ. இங்க ஓடுற ஹைலக்ஸ் கனக்க டீசல், வெறும் ஹைலக்ஸ் பிளக் எண்டா ஹீட்டர் பிளக்கைத் தூக்கித் தருவினம். உங்கட எஞ்சினுக்கு என்ஜிகே எண்டா பிபிஆர்5ஈஒய், டென்சோ எண்டா டபிள்யூ16ஈஎக்ஸ்ஆர்-யூ, பிளக் முனையில நடுக்கம்பிக்கும் வெளிக்கம்பிக்கும் இடைவெளி 0.8 மி.மீ. என்ஜிகேயில நம்பர் கூடக்கூட பிளக் சூட்டைக் கெதியா வெளிய விடும், பொஷ்ஷில அது அப்பிடியே தலைகீழ், அதால ஒரு கொம்பனி நம்பரை வச்சு மற்றக் கொம்பனி பிளக் வாங்கக்கூடாது. நல்ல வெயில், பாரமும் ஏத்துறம் எண்டு 6 போட்டா, ரவுணுக்குள்ள மெதுவா ஓடுற வண்டியில பிளக் தன்ர கரியைத் தானே எரிக்கிற சூட்டுக்கு வராது, கரி பிடிச்சு திரும்பவும் மிஸ் பண்ணும். 5ஐயே போடுங்கோ.

இரிடியம் கெட்ட சாமான் இல்லை, சாதாரண பிளக்கை விட எத்தினையோ மடங்கு ஓடும், ஆனா காபரேற்றர் எஞ்சினில கலவை கூடினா அதுவும் கரிபிடிக்கும், அந்தக் காசுக்கு நல்ல பிளக் வயர் ஒரு செட் வாங்கலாம் எண்டுதான் நான் சொல்லுவன். போலி பிளக்கும் கடைகளில இருக்கு, புரி கரடுமுரடா இருந்தா, எழுத்து அழிஞ்ச மாதிரி இருந்தா எடுக்காதீங்கோ.

மூதூர் பாஸ்:
பூட்டுற விசயத்தை நான் சொல்றன், ஏனெண்டா 22ஆருக்கு ஹெட் அலுமினியம், புரி போனா பிளக் காசு இல்ல, ஹெட் வேலைக் காசு. எஞ்சின் நல்லா ஆறவிட்டுத்தான் கை வைக்கணும். கழட்ட முதல் பிளக்கைச் சுத்தி காத்து அடிச்சுத் துப்பரவாக்குங்க, நம்ம கடற்கரை றோட்டில மணலும் உப்பும் அந்தக் குழிக்குள்ளதான் போய் நிக்கும், பிளக் எடுத்த உடன நேரா சிலிண்டருக்குள்ள விழும். வயர் ஒண்ட கழட்டி, அந்த பிளக்க மாத்தி, வயரத் திரும்பப் போட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க, மாறிப் போனா சிலிண்டருக்குப் பொறி போற ஒழுங்கு 1-3-4-2. புதுப் பிளக்கெண்டாலும் இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் தகட்ட விட்டுப் பாருங்க, கூடக் குறைய இருந்தா வெளிக்கம்பிய மட்டும் மெல்ல வளைக்கணும், நடுக்கம்பியில நெம்பக்கூடாது. பிறகு சொக்கட்டை ராச்செட் இல்லாம கையால பிடிச்சு கடைசி மட்டும் திருகுங்க, இடையில இறுகினா கழட்டித் திரும்ப வைக்கணும், பலவந்தம் பண்ணக்கூடாது. வாஷர் ஹெட்டில போய் முட்டி இருந்த பிறகு ராச்செட்டால அரைச் சுத்து, மிஞ்சினா முக்காலுக்குக் குறைய. அவ்வளவுதான்.

கொட்பே:
கிறீஸ் பூசாம விட்டா எங்கட கடல் காத்துக்கு அடுத்த முறை பிளக் கழருமா? கொஞ்சம் பூசுறதுதான் நல்லம்.

உவர்மலை:
இல்லை, அது வேண்டாம். கடல் காத்து தின்னுறது வெளியில தெரியுற வயர் முனையையும் கப்பையும்தான், புரி வாஷருக்கு உள்பக்கம் மூடிக் கிடக்குது. நல்ல கொம்பனிப் பிளக்கின்ர புரிக்கு முலாம் பூசித்தான் வருது, என்ஜிகேயும் பூச வேண்டாம் எண்டுதான் சொல்லுது. புரி வழுக்கினா அதே கைப்பலத்துக்கு கனக்க இறுகிப்போகும், அதிலதான் புரி உரியுறது. உப்புக்குப் பயமெண்டா வெள்ளைப் பீங்கானை துணியால துடைச்சு, வயர் ரப்பர் வெடிச்சிருக்கா எண்டு பாருங்கோ. மாரி காலத்தில இரவு பொனட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டா பழுதான வயரில நீலப் பொறி பாயுறது கண்ணுக்கே தெரியும்.

நிலாவெளி மீன்வண்டி:
பெரிய உதவி அண்ணாமார். கழட்டிப் பாத்தன், மூண்டு பிளக் இளம் மண்ணிறம், மூண்டாம் சிலிண்டர் மட்டும் கறுப்பு, ஈரம், கை வச்சா ஒயில் பிசுபிசுக்குது. புதுசு போட்டு ஸ்டார்ட் பண்ணினா இப்ப நல்லா ஓடுது. இனிப் பயமில்லையா?

மூதூர் பாஸ்:
மண்ணிறம் நல்லது, அந்த மூண்டையும் விடுங்க. காஞ்ச கரியெண்டா காபரேற்றரைப் பாக்கச் சொல்லியிருப்பன், பெற்றோல் ஈரமெண்டா வயரை. ஒயில் ஈரம் வேற கதை தம்பி, மூண்டாவதுக்குள்ள ஒயில் இறங்குது, இந்தப் பிளக்கும் கொஞ்ச நாளில அப்பிடித்தான் ஆகும். ராவு முழுக்க நிண்டு விடிய ஸ்டார்ட் பண்ணக்குள்ள மட்டும் நீலப்புகை அடிச்சா வால்வு சீல், பாரத்தோட இழுக்கக்குள்ள விடாமப் புகைச்சா பிஸ்டன் ரிங். சிலிண்டர் அமுக்கம் அளக்கிற கொம்பிரஷன் கேஜ் வச்சு நாலையும் பாருங்க, மூண்டாவது குறைவா இருந்தா பிளக் ஓட்டையால ஒரு கரண்டி எஞ்சின் ஒயில் விட்டுத் திரும்பப் பாருங்க. ஏறினா ரிங்தான், ஏறாட்டி வால்வுப் பக்கம். சீல் மட்டுமெண்டா ஹெட் கழட்டாமலும் மாத்தலாம், ரிங்கெண்டா எஞ்சின் திறக்கத்தான் வேணும், அதுவரைக்கும் அந்த ஒரு பிளக்கை இடைக்கிடை கழட்டித் துடைச்சுப் போட்டு ஓடுங்க.