சிரித்துப் பேசிவிட்டு "வேண்டாம்" என்றால் என்ன அர்த்தம்?

கரோல்பாக்வாசி: நண்பன் ஒருவனின் பிரச்சினை. கூட வேலை பார்க்கும் பெண்ணோடு தினமும் டீ குடிப்பான், அவளும் சிரித்துப் பேசுவாள். விருப்பத்தைச் சொன்னான், வேண்டாம் என்றாள். ஒரு மாதம் வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்பக் கேட்டான். இப்போது ஆபீஸ் புகார் கமிட்டியில் நிற்கிறான். விரல்கூடப் படவில்லை. பிடிக்காதவள் எதற்குச் சிரிக்க வேண்டும்?

மயூர்விஹார்_அக்கா: டீ ஆற்றிக் கொடுப்பவரிடமும்தான் சிரிக்கிறோம் தம்பி.

ஆர்கேபுரம்_பெரியவர்: நான் 1981ல் தில்லிக்கு வந்தவன் அம்மா. எங்கள் காலத்தில் பெண்கள் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். அது நாணம். என் வீட்டுக்காரியே இரண்டு முறை மறுத்தவள்தான்.

மயூர்விஹார்_அக்கா: அது நாணமா, வேறு வழி இல்லாததா என்று அவரிடமே கேட்டுவிட்டு எழுதுங்கள் சார். 2012 டிசம்பரில் இந்த ஊர் பஸ்ஸில் நடந்த கொடுமைக்குப் பிறகு, 2013ல் சட்டத்தை மாற்றினார்கள். எதிர்த்துப் போராடவில்லை என்பதை மட்டும் வைத்துச் சம்மதம் என்று கொள்ளக் கூடாது என்று அதில் இருக்கிறது. அது வன்புணர்ச்சிப் பிரிவு, இங்கே அந்தப் பேச்சே இல்லை, சரி. ஆனால் விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பெண்ணை விடாமல் தொடர்புகொள்வதும் அதே ஆண்டில்தான் தனிக் குற்றமானது. இன்றைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சங்கிதையில் 78வது பிரிவு. முதல் தடவைக்கே மூன்றாண்டு வரை சிறை.

மெட்ரோப்பயணி: இப்படிப் பயமுறுத்தினால் பையன்கள் வாயே திறக்க மாட்டார்கள். மெட்ரோவில் லேடீஸ் கோச் மாதிரி ஆபீஸிலும் ஒரு தளத்தை ஒதுக்கிவிடலாம்.

மயூர்விஹார்_அக்கா: ஒரு தடவை கேட்டதற்கா புகார் போனது? அதற்கப்புறம் வந்த ஒரு மாதத்து மெசேஜுக்கு. நானும் அப்படி வாங்கியவள்தான். காலையில் அதே ஆளோடு லிஃப்டில் ஏற வேண்டும். சிரித்தால் சம்மதம், சிரிக்காவிட்டால் திமிர். போன் அதிர்ந்தாலே வயிற்றைப் புரட்டும். அந்த வேலையையே விட்டேன். அந்த ஆளும் என்னைத் தொட்டதில்லை.

ஆர்கேபுரம்_பெரியவர்: வீட்டில் கேட்டேன். காபியை வைத்துவிட்டு, பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

மெட்ரோப்பயணி: ஐயையோ சார்!

கரோல்பாக்வாசி: சரி அக்கா, தப்புதான். அவன் அந்தப் பெண்ணுக்கு ஒரு சாரி மெசேஜ் மட்டும் அனுப்பலாமா?

மயூர்விஹார்_அக்கா: வேண்டாம்.

கரோல்பாக்வாசி: ஒரே ஒரு வரிதான் அக்கா. டைப் செய்துவிட்டேன்.